40 மைல் தள்ளி ஒரு தெரபிஸ்ட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

சான் அன்டோனியோவில் இருந்த நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதில், ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் தெரபிஸ்ட் (மனநலச் சிகிச்சையாளர்) ஒருவர் உங்களுக்கு நெருங்கிய தோழி என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் டாலஸ் பக்கத்தில் ஒரு தொடக்கப்பள்ளியில் வேலை பார்க்கிறேன். கூட வேலை பார்க்கும் தோழி மெக்ஸிகோவில் பிறந்து 9 வயதில் இங்கே வந்தவர். போன வருடம் அவர் ஓட்டிப்போன கார் ஹைவேயில் விபத்துக்குள்ளானது. பக்கத்து சீட்டில் இருந்த அவருடைய தம்பி அங்கேயே இறந்துபோனார். இவருக்குக் கை எலும்பு முறிந்தது, அது கூடிவிட்டது. மனசு கூடவில்லை. வாரம் ஒருமுறை 40 மைல் தள்ளி இருக்கும் ஒரு தெரபிஸ்ட்டிடம் போகிறார். ஹைவேயில் ஏற முடியாததால் உள்ரோடுகளில் சுற்றிப் போகிறார். போக மட்டும் ஒன்றரை மணி நேரம். அந்த தெரபிஸ்ட் இருமொழிக்காரர் என்பதுதான் காரணம்.

எங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே, இதற்கென்றே பயிற்சி பெற்ற, நல்ல பெயருள்ள தெரபிஸ்ட் இருக்கிறார். தோழியின் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். கையைச் சரிசெய்த டாக்டருக்கு ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. அப்போது மொழி குறுக்கே வரவில்லையே? அந்த இருமொழி தெரபிஸ்ட்டின் அறிமுக அட்டையையும் தோழி காட்டினார். படிப்பு, உரிமம் இவற்றுக்கெல்லாம் முன்னால் அவருடைய அப்பா அம்மா எங்கிருந்து வந்தார்கள், வீட்டில் என்ன மொழி என்று போட்டிருந்தது. வைத்தியம் பார்க்கிறவருக்குச் சொந்தக் கதை எதற்கு? தோழியிடம் கேட்டால் நோகுமோ என்று உங்களிடம் கேட்கிறேன்.

எஸ்.,
டெக்ஸஸ்

*

அன்புள்ள எஸ்.,

அவரிடம் கேட்காமல் விட்டது நல்லது. தம்பியைப் பறிகொடுத்தவரிடம் ‘ஏன் அவ்வளவு தூரம்’ என்று எவ்வளவு பிரியமாகக் கேட்டாலும் கணக்குக் கேட்பது போலத்தான் விழும்.

எலும்பு சேர்ப்பவருக்குக் கை இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது. தெரபிஸ்ட்டின் அறையில் என்ன இருக்கிறது? இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, ஒரு கடிகாரம். மிச்சமெல்லாம் பேச்சு. எங்கே வலிக்கிறது என்று தொட்டுப் பார்ப்பதும் பேச்சால், கட்டுப் போடுவதும் பேச்சால். அதனால் அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கிறது என்பது அங்கே வெறும் வசதி அல்ல.

இந்த வைத்தியத்துக்குப் பெயர் வைத்தவரே மொழி மாறிப்போன ஒரு பெண்தான். வியன்னாவில் 1880 முதல் 1882 வரை யோசெஃப் ப்ரோயர் என்ற மருத்துவர் ஒரு இளம்பெண்ணுக்குச் சிகிச்சை கொடுத்தார். பின்னால் வந்த நூலில் பெயரை மறைத்து அன்னா ஓ. என்று குறிப்பிட்டார்கள். இயற்பெயர் பெர்த்தா பாப்பென்ஹைம். நோயாளி அப்பாவைக் கட்டிலோரம் இருந்து பார்த்துக்கொண்ட மகள். நோய் முற்றியபோது தாய்மொழியான ஜெர்மன் அவருக்கு வாயில் வராமல் போய், பெரும்பாலும் ஆங்கிலமே மிஞ்சியது. தனக்கு நடக்கும் சிகிச்சைக்கு ‘டாக்கிங் க்யூர்’ (பேச்சு வைத்தியம்) என்று ஆங்கிலத்திலேயே பெயரும் வைத்தார். அப்பாவின் கட்டிலைச் சுற்றியிருந்த மொழி அடைத்துக்கொண்டது, தள்ளியிருந்த மொழி அவருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். துருக்கியைத் தாய்மொழியாகக் கொண்டு பிறகு ஆங்கிலம் கற்றவர்களின் விரலில் மின்முனை பொருத்தி, சொற்களைக் கேட்கவைத்துத் தோல் வியர்ப்பதை அளந்த ஓர் ஆய்வு 2003ல் வந்தது. சின்ன வயதில் வாங்கும் திட்டுகள், ‘வெட்கமாயில்லை உனக்கு’ என்கிற ரகம், தாய்மொழியில் கேட்டபோது தோல் கூடுதலாகத் துடித்தது. அதே திட்டு ஆங்கிலத்தில் வந்தபோது அந்த அளவு உறைக்கவில்லை. ஸ்பானிஷ் பேசும் குடியேறிகளிடம் நினைவுகளைக் கேட்டுச் செய்த ஆய்வுகளும் உண்டு. ஊரில் நடந்தவை ஸ்பானிஷிலும், வந்த பிறகு நடந்தவை ஆங்கிலத்திலுமாகவே பெரும்பாலும் மேலே வந்தன. உங்கள் தோழியும் தம்பியும் அந்தக் காரில் கடைசியாகப் பேசிக்கொண்டது எந்த மொழியில் இருந்திருக்கும்? நாம் அவரிடம் கேட்கக் கூடாத கேள்வி இது. அந்த தெரபிஸ்ட் கேட்கலாம், கேட்டால் பதிலை அதே மொழியில் வாங்கிக்கொள்ளவும் அவரால் முடியும்.

இனி என் தோழி. ஆறு வருடப் பழக்கத்தில் தன்னிடம் வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால் இங்கே நான் எழுதுவது அவர் தன்னைப் பற்றிச் சொன்னது, எழுதிக்கொள் என்று ஒப்புக்கொண்டது.

டெக்ஸஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் வளர்ந்தவர். அப்பா அம்மா இரண்டு பேரும் வெங்காய வயலிலும் ஆரஞ்சுத் தோட்டத்திலும் கூலிவேலை. வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவர் இவர் மட்டும். மின்கட்டணக் கடிதம், வீட்டு ஓனரின் சத்தம், பள்ளியில் தன்னைப் பற்றியே வந்த புகார் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தவர் இவர்தான். 11 வயதில் ஒருநாள், ஏழு மாதக் கர்ப்பிணியான அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. டாக்டர் குனிந்து, குழந்தையின் இதயத்துடிப்பு கேட்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார். துடிப்புக்கும் இதயத்துக்கும் இவருக்கு ஸ்பானிஷில் சொல் தெரியும். வாக்கியமும் மனதில் முழுசாக வந்துவிட்டது. ஆனால் சொன்னது வேறு: “பாப்பா தூங்குதாம்மா.”

அம்மா மகளின் வாயைப் பார்க்கவில்லை, டாக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல வருடம் கழித்து, பயிற்சிக் காலத்தில், மேற்பார்வையாளரிடம் இதை அவர் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். கண் கலங்கவில்லை, குரல் பிசகவில்லை, ஒரு கேஸ் ஃபைலை வாசிப்பதுபோலச் சொல்லி முடித்தாராம். மேற்பார்வையாளர், “அம்மாவிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் அன்றைக்குச் சொன்னபடியே சொல்கிறாயா?” என்றார். மூன்று சொல் ஸ்பானிஷ். வரவில்லை. தொண்டைக்குழி இறுகி, கை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. மேற்பார்வையாளர் அவசரப்படுத்தவில்லை. “இன்றைக்கு வேண்டாம்” என்றார். அந்த மூன்று சொல் வெளியே வர நான்கு மாதம் ஆனதாம்.

வைத்தியருக்குச் சொந்தக் கதை எதற்கு என்று கேட்டீர்கள். அட்டையில் இரண்டு வரியாக இருப்பது பெருமை பேச அல்ல. வீட்டுக்காக மொழிபெயர்த்து வளர்ந்த பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருக்கும் நாடு அது. வருகிறவர் அந்த வரியைப் படித்ததும், இவருக்கு அரிச்சுவடியிலிருந்து விளக்க வேண்டியதில்லை என்று ஒரு பாரம் இறங்கும். ஆனால் அந்தக் கதையைத் தெரபிஸ்ட் அறைக்குள் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தன் காயம் ஆறாமல் உட்கார்ந்தால் எதிரே இருப்பவரின் கதையில் தன் கதையைத்தான் கேட்பார். (பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க வைப்பதை, உயிர் போகிற அவசரம் தவிர, 2016ல் வந்த மத்திய அரசு விதிகள் தடுத்தன. என் தோழிக்கு அது மிகத் தாமதம்.)

அந்தப் பக்கத்தில் ஸ்பானிஷ் என்பது வெறும் வீட்டு மொழி இல்லை, அடிவாங்கிய மொழி. மேற்கு டெக்ஸஸில் மார்ஃபா என்ற சிற்றூரில், மெக்ஸிக வம்சாவளிப் பிள்ளைகளைத் தனியாகப் பிரித்துப் படிக்கவைத்த பிளாக்வெல் பள்ளி இருந்தது. 1954ல் அங்கே பிள்ளைகளை ஸ்பானிஷ் சொற்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதவைத்து, பெட்டியில் போட்டு, கொடிக்கம்பத்தருகே குழி வெட்டிப் புதைத்தார்கள். ‘மிஸ்டர் ஸ்பானிஷ்’ என்ற கற்பனை ஆளுக்கு அடக்கம். 2007ல் முன்னாள் மாணவர்கள் முடி நரைத்தவர்களாகக் கூடி, ஒரு ஸ்பானிஷ் அகராதியை அடையாளமாக மண்ணிலிருந்து தோண்டி எடுத்தார்கள். 2024ல் அந்தப் பள்ளி தேசிய வரலாற்றுத் தலம் ஆனது. அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் மெக்ஸிக வம்சாவளிப் பெண் மார்த்தா பெர்னால் (1962, இந்தியானா பல்கலைக்கழகம்) வளர்ந்த எல் பாஸோவிலும் பள்ளியில் ஸ்பானிஷுக்குத் தடை இருந்தது.

அப்படிப் புதைத்த மொழியில்தான் ஒருவர் வந்து அழ வேண்டியிருக்கிறது. ‘என் ஸ்பானிஷ் மோசம், மன்னித்துவிடுங்கள்’ என்று தொடங்குகிறவர்களும் உண்டு, ‘என் ஆங்கிலம் மோசம்’ என்று தொடங்குகிறவர்களும் உண்டு. தெரபிஸ்ட்டுக்கும் இதில் பங்குண்டு. என் தோழிக்குத் தெரிந்தது அடுப்படி ஸ்பானிஷும் வயல்காட்டு ஸ்பானிஷும். முதுகலைப் படிப்பு ஆங்கிலத்தில், உரிமத்துக்கான 3000 மணி நேர மேற்பார்வைப் பயிற்சியும் ஆங்கிலத்தில். உணர்ச்சி மரத்துப்போவது, தன்னை விட்டுத் தானே விலகி நிற்பது இதையெல்லாம் அம்மாவின் மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதல் வருடம் திண்டாடியிருக்கிறார். வீட்டில் பேசினால் போதும், தெரபி தானாக வந்துவிடும் என்பது பெரிய தவறு. சான் அன்டோனியோவில் ‘அவர் லேடி ஆஃப் தி லேக்’ என்ற பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் பேசுவோருக்கு உளச்சிகிச்சை தருவதற்கென்றே தனிப் பயிற்சி இருக்கிறது. அங்கே போய்த்தான் இவர் தன் தாய்மொழியைத் தொழிலுக்காக இரண்டாம் முறை கற்றார்.

சரி, அறைக்குள் என்ன நடக்கிறது? முதல் சில வாரம் சம்பவத்தைத் தொடுவதே இல்லை. ஜூடித் ஹெர்மன் என்ற மனநல மருத்துவர் 1992ல் எழுதிவைத்த வரிசை இன்றும் பலருக்கு அடிப்படை: முதலில் பாதுகாப்பு, பிறகு நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு வாழ்க்கையோடு மறுபடி சேர்தல். தோழி முதல் நாளே மொழி வரலாறு கேட்பார். எந்த மொழியில் கனவு வரும், எந்த மொழியில் எண்ணுவீர்கள், சாமி கும்பிடுவது எதில், உங்களை யார் எந்த மொழியில் அடித்தார்கள். பிறகு, எதில் வேண்டுமானாலும் பேசலாம், நடு வாக்கியத்தில் மாறலாம், நானும் கூடவே வருவேன் என்று சொல்லிவிடுவார். ஒருவர் சளசளவென்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்து ஒரே ஒரு சொல்லுக்கு ஸ்பானிஷுக்குத் தாவினால் அதைக் குறித்துக்கொள்வார். அப்போதே தோண்ட மாட்டார்.

அவர் செய்வது இ.எம்.டி.ஆர். என்ற முறை. பிரான்சின் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987ல் கவனித்து வளர்த்தெடுத்தது. நினைவின் கொடிய காட்சியை மனதில் வைத்துக்கொண்டே, தெரபிஸ்ட்டின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். தொடங்குமுன் அந்தக் காட்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடிப்பார்கள். பெரும்பாலும் ‘என் தப்புதான்’ என்பது போன்ற ஒன்று. தோழி அங்கே தவறாமல் கேட்பது: “இந்த வாக்கியம் முதன்முதலில் உங்களுக்குள் எந்த மொழியில் கேட்டது?” ஸ்பானிஷில் ‘ஃபுவே மி குல்ப்பா’ (என் தப்புதான்) என்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பதை ஆங்கிலத்தில் மட்டும் திருத்தினால், வீட்டுக்குப் போனதும் பழையதே பேசும் என்பார்.

உங்கள் தோழியை நினைத்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். கையிலிருந்து கண்ணாடி தவறினால் ஆங்கிலத்தில் இயல்பாக வருவது ‘நான் போட்டுவிட்டேன்’. ஸ்பானிஷில் ‘செ மெ கயோ’, நாம் ‘கைதவறி விழுந்துடுச்சு’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். விழுந்தது பொருள், அது எனக்கு நேர்ந்தது, அவ்வளவே. அதே அமைப்பில் அவர்கள் சாவையும் சொல்வார்கள்: ‘செ மெ முரியோ மி எர்மானோ’. இறந்தது தம்பி, அந்தச் சாவு வந்து விழுந்தது என் மேல். யார் செய்தது என்ற இடமே அந்த வாக்கியத்தில் காலியாக இருக்கிறது. ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஆங்கிலத்தில் தம்பியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ‘நான்’ முன்னால் வந்து நிற்கக்கூடும். ஸ்பானிஷ் குற்ற உணர்வைத் துடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை, துடைக்காது. ஆனால் துக்கத்தைக் குற்றத்திலிருந்து பிரித்து வைக்க அந்த மொழியில் ஒரு இருக்கை போட்டிருக்கிறது. அதை எடுத்து நீட்ட, எதிரே இருப்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

மனதில் இருப்பதைக் கொட்டி ஆறுவதற்கு ஸ்பானிஷில் ‘தெஸஓகார்ஸே’ என்று சொல். ‘அஓகார்’ என்றால் மூச்சுமுட்டுவது, மூழ்குவது. அதன் எதிர்ப்பதம் இது: மூழ்கியவர் தலையை வெளியே எடுப்பது. அதேபோல ‘சூஸ்தோ’. திடுக்கிட்டதில் ஆன்மா உடம்பை விட்டுப் போய்விட்டது, அதனால் தூக்கமில்லை, பசியில்லை என்பார்கள். பயந்த குழந்தைக்கு வேப்பிலை வைத்து மந்திரிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். அமெரிக்க மனநோய்க் கையேடான டி.எஸ்.எம்., 2013ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் சூஸ்தோவைத் தன் சொற்பட்டியலில் வைத்திருக்கிறது. ‘எனக்கு சூஸ்தோ’ என்று ஒருவர் சொன்னால் அதை உடனே பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய்) என்று மாற்றி எழுதாமல், ‘எப்போது போனது, எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்’ என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும்.

ஆங்கிலத்தால் தவறு நேர்வதுண்டு, அதற்காக ஆங்கிலமே வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். 1973ல் நியூயார்க்கில், ஸ்பானிஷ் பேசும் மனநோயாளிகளை இரண்டு மொழியிலும் பேட்டி கண்டபோது, ஆங்கிலப் பேட்டியில் அவர்களுக்கு நோய் முற்றியிருப்பதாக மருத்துவர்கள் மதிப்பிட்டார்கள். ஆள் அதே ஆள்தான். சொல் தேடித் தயங்கியது நோயாகத் தெரிந்தது. இது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. சொந்த வீட்டுக்குள் யாரோ உடம்பில் கைவைத்த கொடுமையைச் சொல்ல வரும் பெண்ணுக்கு, ஸ்பானிஷில் உறுப்புகளின் பெயரே கூசும். அவருக்கு ஆங்கிலம் கையுறை மாதிரி. மாட்டிக்கொண்டு தொடட்டும். எப்போது கழற்றுவது என்பது அவர் தீர்மானிக்க வேண்டியது. காயம் பட்ட நேரத்தில் பறிபோனது அந்தத் தீர்மானிக்கும் உரிமைதான், அதை இங்கேயும் பறிக்கக் கூடாது என்பதில் தோழி மிகவும் கறார்.

இருமொழி என்ற பலகை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்பெயினில் ‘எடு, பிடி’ என்று சாதாரணமாகப் புழங்கும் ஒரு வினைச்சொல் மெக்ஸிகோவில் படுகொச்சை. பாலியல் கொடுமைக்கு ஆளானவரிடம் அதைத் தெரியாமல் சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு அத்தோடு முடிந்தது. குவாத்தமாலாவிலிருந்து வரும் மாயா மக்களுக்குத் தாய்மொழி மாம், கிச்சே போன்றவை. 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சம் பேருக்கு மேல் கொல்லப்பட்டோ காணாமலோ போனார்கள் என்று அந்த நாட்டின் உண்மை ஆணையம் சொன்னது. அடையாளம் தெரிந்தவர்களில் 83 சதவீதம் மாயா மக்கள். ஊருக்குள் வந்த ராணுவம் கட்டளை போட்ட மொழி ஸ்பானிஷ். அவர்களிடம் ‘உங்கள் மொழியிலேயே பேசுகிறேன்’ என்று புன்னகையோடு ஸ்பானிஷில் தொடங்கினால் என்ன ஆகும்?

உங்கள் தோழி 40 மைல் போவதற்கு இன்னொரு காரணம், ஆள் இல்லை. வீட்டில் ஸ்பானிஷ் பேசுவோர் அமெரிக்காவில் 4 கோடிக்கு மேல். அமெரிக்க உளவியல் சங்கம் 2015ல் எடுத்த கணக்கெடுப்பில் ஸ்பானிஷில் சிகிச்சை தரக்கூடிய உளவியலாளர்கள் 5.5 சதவீதம். 2022 மே 24 அன்று டெக்ஸஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, சான் அன்டோனியோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் வந்தவர்களில் என் தோழியும் ஒருவர். பேரப்பிள்ளைக்கு ஆங்கிலம், பாட்டிக்கு ஸ்பானிஷ், இரண்டு பேரும் ஒரே சோபாவில். அரசு அலுவலகங்கள் ஆங்கிலம் வராதவர்களுக்கு மொழி உதவி தர வேண்டும் என்று 2000ல் வந்த அதிபர் ஆணையை 2025 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள். எனக்கு அது ஆறவே இல்லை. ஆஸ்பத்திரியில் நின்ற அந்த 11 வயதுக் குழந்தையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நினைவைத் தொட்டுப் பேசிய நாளில் உடம்பு துவண்டுவிடும். முடிந்தவுடன் கிளம்பாதீர்கள், காரில் பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று தோழி எல்லோரிடமும் சொல்வார். முடிந்தால் ஒரு வாரம் நீங்கள் ஓட்டுவதாகச் சொல்லிப் பாருங்கள். உள்ரோட்டிலேயே போங்கள், நேரம் மிச்சமாகும் என்று ஹைவே பக்கம் திருப்ப வேண்டாம். திரும்பி வரும்போது என்ன பேசினீர்கள் என்று கேட்காதீர்கள். அவராக ஏதாவது ஸ்பானிஷில் சொன்னால், புரியாவிட்டாலும் குறுக்கே பேசாமல் சொல்லி முடிக்க விடுங்கள்.

அன்புடன்,
அக்கா